தேநீரில் ஊறிய பாலன்

கேமரன் மலையில் நான் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நிழற்குடை ஸ்ட்ராபெரிப் பழத்தின் வடிவில் இருக்கிறது. சிவப்புக் கூரை, அதில் வெள்ளைப் புள்ளிகள், உச்சியில் பச்சைக் காம்பு. எதிரே கியா பார்ம் சாலையோரக் கடைகளில் ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரிச் செருப்பு, ஸ்ட்ராபெரிக் கடிகாரம், ஸ்ட்ராபெரித் தொப்பி. குப்பைத் தொட்டியும் ஸ்ட்ராபெரிதான். வாரக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து வரும் குடும்பங்கள் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தேயிலைச் சரிவுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. யாரோ ஒருவருக்கு எப்போதோ ஒருநாள் ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த மலையில் வேறு யாரும் யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போதெல்லாம் காம்புக்குக் கீழே நின்று கைபேசிச் செய்திகளைப் படிக்கிறேன். அவை நிழற்குடையைவிட மோசமாக இருக்கின்றன.

நான் திண்டுக்கல்காரி. படித்தது பொறியியல். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலையை வாட்டும் இடத்திலிருந்து உலர்த்தும் இடம்வரை வெப்பத்தையும் ஈரத்தையும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. என்னோடு படித்தவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் சென்ற ஆண்டு ஒருநாள், தாமரைப் படத்தின் மேல் எழுதிய அறிவுரை ஒன்று வந்தது: அன்றாட வாழ்வில் உங்கள் படைப்பாற்றலை வளர்க்க எளிய வழிகள். வரிசை எண் போட்ட எதையும் முழுதாகப் படித்துவிடும் பழக்கம் எனக்கு. படித்தேன்.

முதல் வழி, இயற்கையோடு நேரம் செலவிடுங்கள். நான் இயற்கைக்கு நடுவில்தான் இருக்கிறேன். அது என் காலணிக்குள் அட்டையாக ஏறுகிறது, அலமாரியில் பூஞ்சையாகப் படர்கிறது. இரண்டாவது, வீட்டில் உங்களுக்கென்று ஒரு படைப்பு மூலையை ஒதுக்குங்கள். என் வாடகை அறையின் எல்லா மூலைகளிலும் காயாத துணி தொங்குகிறது. மூன்றாவது, தோல்வியைக் கொண்டாடுங்கள். இதைக் குழுவில் பகிர்ந்தவன், மகளுக்கு ஓவியப் போட்டியில் இரண்டாமிடம் கொடுத்த நடுவர்களுக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதியவன். மீதி வழிகளையும் இப்படியே தள்ளிவிடலாம். ஆனால் வெளிநாட்டில் தனியாக இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அவற்றை நம்பத்தான் செய்கிறோம். நம்பி, பொருள் வாங்குகிறோம். நான் வாங்கியவை: நீர்வண்ணப் பெட்டி, யுகுலேலே என்னும் சின்ன கிட்டார், பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கான புத்தகம், கம்பளி உருண்டை, பின்னல் ஊசி. அவற்றில் பயன்பட்டது கம்பளி உருண்டை. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் அதுதான் தடுத்தது. வாங்கியதையே செய்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு தலைமுறை நாங்கள்.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதைத்தான் வரைந்திருப்பீர்கள். எங்கள் வகுப்புச் சன்னலைத் திறந்தால் திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியும். யாரோ தலையணையைப் போட்டுவிட்டுப் போனதுபோல ஒற்றைப் பாறை. நான் அதை அப்படியே வரைந்தேன். ஓவிய ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார். "மலைன்னா கூரா இருக்கணும்" என்று சொல்லி, பாறையின் இரு பக்கமும் சிவப்பு மையால் இரண்டு முக்கோணங்களைப் போட்டார். நடுவில் சூரியனையும் அவரே வைத்தார். அறிவியல் கண்காட்சி வந்தால் எரிமலை மாதிரியைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அப்பா வாங்கி வருவார். அதற்கு நான் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆக, இரண்டு நாட்டையும் ஒப்பிட்டுச் சொல்வதென்றால், ஒன்றில் கூர்மையான மலை, மற்றொன்றில் ஸ்ட்ராபெரி.

சென்ற அக்டோபரில் எங்கள் நிர்வாகத்துக்கும் அந்தத் தாமரைப் படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தொழிலாளர்களின் படைப்பாற்றலைத் தட்டி எழுப்ப, சுற்றுலாப் பயணிகளுக்கான தேநீர்க் கடையில் ஒரு சனிக்கிழமை முகாம் நடத்தினார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் பெண்மணி ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. மகிழ்ச்சி என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை வரையுங்கள் என்றார். எல்லோரும் எதிர்மேசையைப் பார்த்துப் பூ வரைந்தார்கள். பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா மட்டும் ஒரு பெரிய இயந்திரத்தை வரைந்து, அதன் சக்கரத்தின் மேல் பெருக்கல் குறி போட்டார். நான் வாடகைக்கு இருப்பது அவர் வீட்டில்தான்.

பயிற்சியாளர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினார். "பாருங்கள், நின்றுபோன சக்கரம். மனத்தின் அமைதி. எவ்வளவு ஆழம்!"

"என்னா சொல்றாங்க?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"ஆழமா இருக்காம்."

"ஆழமும் இல்ல, கீழமும் இல்ல லா. மெசின் நின்னா ஓவர்டைம் கிடையாது, வெள்ளன வீட்டுக்குப் போலாம். அதச் சொல்லு."

நான் சொல்லவில்லை. "நன்றி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் கைகூப்பினார். அந்தப் படம் இப்போதும் தேநீர்க் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

ஸ்டெல்லா அக்காவைப் பற்றி நீங்கள் நல்லவிதமாக நினைத்துக்கொள்ளும் முன் சில விவரங்களைத் தந்துவிடுகிறேன். அடக்கம் அவருக்குத் தெரியாத சங்கதி. பக்கத்து ஊரான திரிங்காப்பில் யார் வீட்டிலாவது ஒரு நல்ல யோசனையைப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாளே அது அவருடையதாகிவிடும். சொன்னால் கேட்க மாட்டார். ஆனால் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது பல ஆண்டுகளாக அவர்தான். அந்தக் குடிலில் பெத்லகேம் கிடையாது. தேயிலை மலை இருக்கும். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த தொழிற்சாலை, தொழிலாளர்களின் லயத்து வீடுகள், வீடுகளுக்கு முன்னால் கொடியில் நெல் அளவுத் துணிகள். இடையர்கள் முதுகில் கூடை சுமப்பார்கள். மூன்று ராஜாக்கள் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரியில் வருவார்கள். ஒட்டகம் ஏன் இல்லை என்று கேட்டேன். "இந்த மேட்டுல ஒட்டகம் ஏறுமா? நீ எஞ்சினியருதான?" என்றார். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணன் காய்கறி லோரி ஓட்டுகிறார். "நவம்பர் வந்தா எனக்குத் தாப்பாவ் சாப்பாடுதான் தங்கச்சி" என்று கடைப் பொட்டலத்தைக் காட்டினார். "சட்டி எல்லாம் மலைக்கு அடியில போயிடும்."

சென்ற ஆண்டு அந்தக் குடிலுக்கு ஆபத்து வந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். எல்லோருக்கும் இன்றும் கிராணி மாமாதான். முந்தைய கிறிஸ்துமஸில் அக்கா கொண்டுவந்து வைத்த பாசியிலிருந்து எறும்பு கிளம்பி, ஃபாதரின் பூசை உடைக்குள் ஏறிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, கோலாலம்பூர்க் கடைகளைச் சொல்லி, கிராணி மாமா கமிட்டியில் பேசினார்.

"கே.எல்.ல ரெடிமேட் செட்டு விக்குது. பைபர்ல செஞ்சது. பட்டனத் தட்டுனா லைட் எரியும், சம்மனசு றெக்கைய ஆட்டும். ஒரு எறும்பு வருமா?"

"எறும்பும் ஆண்டவர் படைச்சதுதான், மாமா" என்றார் அக்கா.

"படைச்சாரு. பூசை சட்டைக்குள்ள விடச் சொன்னாரா?"

கூட்டம் சிரித்தது. இந்த ஒரு வருடம் மட்டும் ஸ்டெல்லா கட்டட்டும், இதிலும் ஏதாவது கோளாறு வந்தால் அடுத்த ஆண்டு முதல் கடைச் செட்டுதான் என்று முடிவானது. அக்கா வேகமாக வீடு திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏய் தங்கச்சி. நீ சும்மாதான இருக்க. எனக்கு ஒரு ஆறு செஞ்சு குடு. தண்ணி ஓடணும். பைபர்காரன் வாயப் பொளக்கணும்."

நான் சும்மாதான் இருந்தேன். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தானா ராத்தாவில் மீன்தொட்டிக்கு விற்கும் சின்ன மோட்டார் ஒன்று வாங்கினேன். குளியலறைத் திரைச்சீலையை வெட்டி ஆற்றின் படுகையாக விரித்தேன். இரண்டு பக்கமும் மண்ணுக்குப் பதிலாக, தொழிற்சாலையில் தேயிலையைச் சலிக்கும்போது ஒதுங்கும் பழுப்புப் பஞ்சையும் நாரையும் கொட்டினோம். பாசி இல்லை, ஆகவே எறும்பும் இல்லை. சரிவு கூடினால் நீர் துள்ளி வெளியே தெறித்தது. குறைந்தால் நகரவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் தரையில் படுத்து, கன்னத்தை ஒட்டுப்பலகையில் வைத்து, நீரின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தாமரைப் படக்காரர்கள் இந்த நிலைக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எனக்குக் கழுத்து வலித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரங்களில் குழுச் செய்திகளைத் திறக்க மறந்துபோனேன். அலுவலகத்தில் நான் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை உண்டு. இந்த ஆற்றுக்கு அறிக்கை கேட்க ஆள் இல்லை. அருவி விழும் இடத்தில் ஒரு கல்லைத் திருப்பி வைத்தேன், மறுநாள் மறுபடியும் திருப்பினேன்.

குடில் கட்டும் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும். குழந்தை இயேசு மட்டும் கிறிஸ்துமஸ் பூசையில்தான் தீவனத் தொட்டிக்கு வருவார். அதுவரை தொட்டி காலி. குழந்தையை எங்காவது ஒளித்து வைப்பார்கள். அக்காவின் பாலன் பழைய பிளாஸ்டர் சொரூபம். ஆண்டுதோறும் பூசை முடிந்ததும் வரிசையாக வந்து எல்லோரும் முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு, மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. அதை வெள்ளைத் துணியில் சுற்றி, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, குடிலின் மலைக்கு உள்ளேயே, தொழிற்சாலைக்கு நேர் கீழே வைத்திருந்தார். உலகத்திலேயே பாதுகாப்பான இடம் என்று அவருக்கு எண்ணம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானோ அந்த மலையின் மேல் ஆறு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் வேலையில் இருந்தபோது கோலா தெர்லாவிலிருந்து அவருடைய உறவுக்காரர்கள் வந்தார்கள். அருவியைக் காட்ட, அக்கா மோட்டாரின் திருகை முழுக்கத் திருகிவிட்டார். நீர் கரையைத் தாண்டி மலைக்குள் இறங்கியது. தரையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிட்டார். எனக்கு அந்தச் செய்தி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் வந்தது. குடிலை லோரியில் ஏற்றிக் கோயிலில் இறக்கி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மதியம் அக்கா மலைக்குள் கையை விட்டு டின்னை எடுத்தார். அதில் ஏதோ குலுங்கியது. மூடியைத் திறந்தார். விளிம்புவரை தேநீர்.

துணியைப் பிரித்தோம். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். தேயிலைச் சாறும் துருப்பிடித்த டின்னும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பதைத் தொழிற்சாலைக் குழாய்களில் நான் பார்த்திருக்கிறேன். பாலன் உச்சி முதல் உள்ளங்கால்வரை கரும்பழுப்பு. முழங்காலும் முழங்கையும் இன்னும் கருமை. கன்னத்தில் மட்டும் பழைய ரோஜா வண்ணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அடக் கடவுளே. தே ஓ பாலன் லா." பால் ஊற்றாத தேநீருக்கு இங்கே அதுதான் பெயர்.

அக்கா சிரிக்கவில்லை. பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ள அடிச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஈரத்துல பெயிண்ட் நிக்காதுக்கா. உரிஞ்சு வரும்."

"குளோராக்ஸ் ஊத்தி வெளுத்தா?"

"மூக்கு கரைஞ்சிரும்."

"அப்ப போச்சா? என் குடில் அவ்வளவுதானா?"

கிராணி மாமா உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"என்னாம்மா இது?"

"பாலன், மாமா."

"அது தெரியுது. யாரு வூட்டுப் பாலன்?"

கிராணி மாமா எதிர்பார்த்துக் காத்திருந்தவர்போலத் தன் வீட்டுக்குப் போய், அங்கிருந்த சொரூபத்தைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். பளபளவென்ற குழந்தை, நீலக் கண், சுருட்டை முடி. தொட்டியில் கிடத்தினார். தொட்டி பிளந்தது. பாலனின் ஒரு கால் கழுதையைச் சாய்த்தது, இன்னொரு கால் சூசையப்பரின் இடுப்புவரை வந்தது. அக்கா எழுந்து வந்தார்.

"மாமா, கொஞ்சம் பாருங்க. இத மாதாதான் பெத்தாங்கன்னா யாராவது நம்புவாங்களா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்து வெளியே ஓடினார். கிராணி மாமாவுக்கும் வாய் கோணியது. தன் பாலனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். "உன் இஷ்டம். ஃபாதர் கேட்டா நீயே பதில் சொல்லு. அடுத்த வருசம் செட்டுதான், அது முடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தொட்டியைக் கம்பியால் கட்டினார். பாலனைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

ஃபாதர் பல கோயில்களுக்குப் போக வேண்டியிருப்பதால் எங்கள் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் பூசையை மாலையிலேயே முடித்துவிடுவார்கள். பாட்டு எழும்பியபோது ஃபாதர் பாலனைக் கையில் வாங்கினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வந்த பிரசங்கம் முழுக்க அந்த நிறத்தைப் பற்றித்தான். இந்த மண்ணின் நிறம், இந்த மலையில் உழைத்தவர்களின் நிறம், நம்மைப் போலவே பிறந்த கடவுள், எப்பேர்ப்பட்ட கற்பனை, எப்பேர்ப்பட்ட படைப்பாற்றல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துரை, அதாவது எங்கள் தோட்டத்து மேலாளர், மலாய்க்காரர், மரியாதைக்காக வந்திருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காகப் படம் எடுத்தார். கணக்குத் தவறிய ஒரு கசிவுக்கு இவ்வளவு பொருள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அருவிக்கு அடியில் நான் திருப்பித் திருப்பி வைத்த கல்லை யாரும் பார்க்கவில்லை. கொடியில் காயப்போட்ட நெல் அளவுத் துணிகளையும் பார்க்கவில்லை. முத்தி செய்ய வந்தவர்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டார்கள். சொரூபம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஸ்டெல்லா, இந்த யோசனை எப்படிம்மா வந்துச்சு?" என்று ஃபாதர் வாசலில் கேட்டார்.

"ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டு இருந்துச்சு, ஃபாதர்" என்றார் அக்கா, கண் இமைக்காமல். நான் தூணைப் பார்த்துக்கொண்டேன்.

கிராணி மாமாவும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நான் அப்பவே நினைச்சேன், இதுல ஏதோ இருக்குன்னு. கமிட்டிகிட்ட பேசிட்டேன். அடுத்த வருசம் கே.எல். செட்டு முழுசும் இதே கலர்ல ஆர்டர் பண்றோம். மாதா, சூசையப்பர், சம்மனசு எல்லாம்."

"பட்டனத் தட்டுனா எரியுமா, மாமா?"

"எரியும், எரியும்."

அவருக்கு அதில் வஞ்சம் இல்லை. பாராட்டுவதாகவே நினைத்தார். ஜெயித்த குடிலைக் கடையில் வாங்கிவிடலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவர் திரும்பிப் போனார். அக்காவின் கண் நிறைந்திருந்தது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துப்போய், கோயிலுக்கு வெளியே சரிவைக் காட்டினார்.

"அவங்க செட்டு உள்ள இருக்கட்டும் லா. நாம வெளிய வைப்போம், இங்கன. மழ பெய்யட்டும். மேலேருந்து தண்ணி தானா வருது பாரு, மோட்டாரே வேணாம். ஆறு தானா ஓடும்ல, தங்கச்சி? ஓடும்ல?"

சரிவு அதிகம். கீழே ஒரு தடுப்பு வேண்டும், பக்கவாட்டில் ஒரு வடிகால் வேண்டும். வாய் திறப்பதற்குள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. என் வேலை ஒப்பந்தம் அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. "ஓடும்க்கா" என்றேன்.

அப்போது அம்மா அழைத்தாள், திண்டுக்கல்லிலிருந்து, முகம் தெரியும் அழைப்பு. அங்கே இன்னும் வெயில் இருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாய்தானே என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "குடிலக் காட்டு" என்றாள். நான் உள்ளே போய்க் கைபேசியைத் தேயிலை மலைக்கு முன்னால் நீட்டினேன். "ஆறு நான் செஞ்சதும்மா" என்றேன். பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவளும் தன் கைபேசியைத் திருப்பி எங்கள் வீட்டுக் குடிலைக் காட்டினாள். "இங்க நடுராத்திரிப் பூசைக்குத்தாண்டி பாலன். இன்னும் வைக்கல." கைபேசித் திரைக்கு இந்தப் பக்கம் பாலன் பிறந்து, முத்தி வாங்கி, ஈரம் காயாமல் கிடந்தார். அந்தப் பக்கம், வெயில் விழுந்த காலித் தொட்டியில், அம்மா ஒரு விரலால் வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.